தூத்துக்குடிப் பரதவர் பங்கின் வளர்ச்சி

முத்துக்குளித்துறையின் கத்தோலிக்கத் திருச்சபை வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இரு காலங்களுள் ஒன்றையே தொடக்கமாகக் கொள்வர். பரதவர் கூட்டங்கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்ற 1535-37 ஆகிய ஆண்டுகளைக் கொள்வோர் ஒரு சாரார். தூய பிரான்சிசு சவேரியார் அக்கரையை அடைந்த 1542-ஐக் கொள்வோர் மற்றொரு சாரார். முன்னையோர் அரசியற் சூழலையும், பின்னையோர் ஓர் அடியாரின் ஆற்றலையும் காரணமாகக் காட்டுவர். இவ்விரு கொள்கைகளும் ஒரு வினாவிற்கு விடை தாரா. 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். காவலனையும் குருவையும் ஒருங்கே இழந்த அம்மக்கள் அதன் பின்னும் ஏன் கலைந்து போகவில்லை? காவல் வேண்டி மதம் மாறினர் எனின், காவலன் மாறியபோது மீண்டும் மாறியிருத்தல் வேண்டும். அடியார் ஒருவரின் ஆற்றலால் மாறினர் எனின், அவர் 1552-இல் மறைந்து நூறாண்டு கழிந்த பின்னரும் அவ்வாற்றல் எவர் வழியாக நின்றது என்பதை விளக்குதல் வேண்டும்.

எம் கருத்து இது: தூத்துக்குடியில் பங்கு என்று சொல்லத்தக்க ஒரு குடியமைப்பு ஓராண்டில் தோன்றியதன்று. கடற்றுறை ஊர்களில் முன்னரே இருந்த தலைமையும் கணக்கும் பகிர்வுமாகிய பழைய உறுப்புகள், தமிழில் அமைந்த செபத்தையும் மறையுரையையும் ஏற்றுக்கொண்டு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் மெல்ல உருவாக்கிக்கொண்ட அமைப்பு அது. குருக்கள் அதற்கு உயிரூட்டினர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனை நாள்தோறும் தாங்கி நின்றவர் குருக்கள் அல்லர். இக்கருத்தின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. பங்கை அழியாமற் காத்த அதே உறுப்புகளே பின்னொரு காலத்தில் அது விரிவதற்குத் தடையாகவும் நின்றன. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பங்கு என்னும் சொல்லைப் பற்றி ஈண்டு ஒரு சொல். ஒரு குருவின் பொறுப்பிலுள்ள இறைமக்கள் வட்டாரத்தைத் தமிழகக் கத்தோலிக்கர் பங்கு என்றும், அக்குருவைப் பங்குத்தந்தை என்றும் வழங்குகின்றனர். யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கேயர் காலத்தில் இதனையே கோயிற்பற்று என்றனர். பற்று என்பது நிலப்பிரிவைக் குறிக்கும் சொல். பங்கு என்பதோ பகிர்வைக் குறிப்பது. மடியிற் பட்ட மீனைப் படகுக்கும் வலைக்கும் ஆளுக்கும் என்று பிரித்துக் கொள்ளும் மக்களிடையே அச்சொல்லுக்கு இயல்பாகவே ஓர் அழுத்தம் இருந்திருக்கும். இதனை ஒரு சான்றாக யாம் கூறவில்லை; பின்வரும் செய்திகளைப் படிப்போர் நினைவிற் கொள்ளத்தக்கது என்றே குறிக்கிறோம்.

கரையும் குடியும்

கொற்கை முத்தின் புகழைச் சங்கப் பாடல்களிற் பயின்றோர்க்கு இக்கரையைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயலுக்கு வந்த மார்க்கோ போலோ முத்துக்குளிப்பை விரித்தெழுதினார். அப்போது கொற்கையை விட்டுக் கடல் விலகியிருந்தது; பின்னர்க் காயலும் தளர்ந்தது. வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு முதலிய துறைகள் பரதவரின் தலைமையூர்களாயின. ஒவ்வோர் ஊரிலும் பட்டங்கட்டி என்னும் தலைவர் இருந்தனர். ஊர்களுக்கெல்லாம் மேலாகச் சாதித்தலைவர் ஒருவர் இருந்தார். முத்துக்குளிப்புக் காலத்தில் குளிகல் எத்தனை, ஆள் எத்தனை, வந்த சிப்பி எவ்வளவு, அரசனுக்கு உரியது யாது, குளித்தவனுக்கு உரியது யாது என்றெல்லாம் கணக்கு வேண்டும்; ஆதலின் ஏடும் எழுத்தாணியும் கொண்ட கணக்கப்பிள்ளை இக்கரைக்குப் புதியவரல்லர். பிற்காலத் திருச்சபை ஆவணங்களில் கணக்கப்பிள்ளை என்னும் பெயர் மறைக்கல்வி கற்பிப்போனைச் சுட்டக் காண்கின்றோம். இஃது ஒரு பழைய பணிப்பெயர் புதிய பணிக்கு ஏறிய நிலையாகும்.

பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முத்துக்குளிக்கும் உரிமை பற்றிப் பரதவர்க்கும் அக்கரையின் முசுலிம் வணிகர்க்கும் இடையே பகை முற்றியது. பரதவர் ஒருவரின் காதணி பறிக்கப்பட்டதே கலகத்தின் தொடக்கம் என்பது வழிவழிச் செய்தி. கள்ளிக்கோட்டைச் செட்டி மரபினராய், போர்த்துக்கல் சென்று திருமுழுக்குப் பெற்று மீண்டவராய், குதிரை வாணிகம் செய்தவராய் இருந்த சுவாம் தா குரூசு என்பார், போர்த்துக்கேயரின் காவலை நாடுமாறு பட்டங்கட்டியர்க்கு அறிவுரை கூறினார். பட்டங்கட்டியர் சிலர் கொச்சிக்குச் சென்றனர். அங்கே திருமுழுக்குப் பெற்றனர். அவரைத் தொடர்ந்து கரையெங்கும் ஏறத்தாழ இருபதினாயிரவர் பெற்றனர் என்பர். 1538-இல் வேதாளைக் கடற்போரில் கள்ளிக்கோட்டைக் கப்பற்படையைப் போர்த்துக்கேயர் முறியடித்தபின் முத்துத்துறை அவர்தம் ஆணைக்கு உட்பட்டது.

இதுவரை நிகழ்ந்தது ஓர் உடன்படிக்கையே. மக்கள் தம் தலைவர் வழியாக ஓர் அரசின் காவலை ஏற்றனர். அக்காவலின் அடையாளமாகத் திருமுழுக்கை ஏற்றனர். இதனை இழிவாகக் கருதுவார் உளர். தனியொருவர் மனமாற்றமே மதமாற்றம் என்னும் பிற்கால எண்ணத்தைப் பதினாறாம் நூற்றாண்டின் கடற்றுறைமேல் ஏற்றுவது பொருந்தாது. குடி முழுவதும் ஒன்றாக முடிவு செய்தலே அங்கு முறை. ஆயினும் முடிவு செய்தல் வேறு, அதன்படி வாழ்தல் வேறு. முடிவு செய்த எட்டாண்டுகளுக்குப் பின்னும் அவர்கள் தாம் கிறித்தவர் என்பதன்றி வேறொன்றும் அறியாதிருந்தனர் என்று 1542 அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து சவேரியார் எழுதிய மடல் கூறுகிறது. குரு இல்லை, செபம் சொல்லித் தருவார் இல்லை, நிலம் வறண்டது ஆதலின் போர்த்துக்கேயர் எவரும் அங்குக் குடியிருக்கவில்லை. ஆகவே 1537-இல் கிறித்தவர் இருந்தனர், பங்கு இல்லை.

'வேணும்' என்ற சொல்

சவேரியார் தமிழறியாதவர். கோவையிற் பயின்ற, தமிழறிந்த இளைஞர் மூவர் அவருடன் வந்தனர். இவ்வூர் கொங்கு நாட்டுக் கோவையன்று. போர்த்துக்கேயரின் தலைநகராகிய கோவா என்பதை இளைய ஆய்வாளர் கருத்திற் கொள்க. தமிழும் போர்த்துக்கேய மொழியும் ஓரளவு அறிந்த சிலரைத் தூத்துக்குடியில் கூட்டி, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளை, பரலோக மந்திரம், மங்கள வார்த்தை ஆகியவற்றைப் பன்னாள் உழைத்துத் தமிழாக்கச் செய்து, அவற்றைத் தாம் மனப்பாடம் செய்தார். பின்னர்க் கையில் மணியொன்றை ஏந்தி ஊர் ஊராகச் சென்றார். சிறுவரே அவர்தம் முதல் மாணாக்கர். அச்சிறுவரே வீடுதோறும் சென்று பெற்றோர்க்கும் நோயாளிகட்கும் செபங்களைச் சொல்லினர்.

இம்மொழிபெயர்ப்பு எத்தகையது என்பதற்கு ஒரு சான்று உண்டு. தமிழாய்வாளர் அதனை இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது எம் எண்ணம். உடனுழைத்த மான்சிலாசு என்பார்க்கு 1544-இல் எழுதிய மடலொன்றில், விசுவாச அறிக்கையில் 'வேணும்' என்னும் சொல்லை நீக்கி, விசுவசித்தலைக் குறிக்கும் சொல்லை இடுமாறு சவேரியார் பணிக்கிறார். வேணும் என்பது விருப்பத்தைக் குறிக்கும், நம்பிக்கையைக் குறிக்காது என்பது அவர் கூறும் காரணம். ஏறத்தாழ ஓராண்டுக்கு மேலாகக் கரையெங்கும் மக்கள் 'எனக்கு இறைவன் வேணும்' என்ற பொருள்பட விசுவாச அறிக்கையைச் சொல்லி வந்தனர் என்பது இதனால் பெறப்படும். மறைநூல் வல்லார்க்கு இது பிழை. ஆனால், அப்பேச்சு வழக்கை மொழிபெயர்ப்பாளர் எங்கிருந்து எடுத்தனர்? கரையிலிருந்தே எடுத்தனர். நம்புகிறேன் என்று கருத்தளவில் ஒப்புக்கொள்வதினும், வேணும் என்று உறவு கோருவதே அம்மக்கள் தெய்வத்தோடு பேசும் மொழியாக இருந்தது. வடசொல்லாகிய விசுவாசம் வந்து அவ்விடத்தைப் பற்றியபோது கோட்பாடு தெளிவடைந்தது. பேச்சு ஒரு படி விலகியது. பிற்காலக் கிறித்தவத் தமிழின் நெடிய சிக்கலொன்றின் வித்து இங்கே கிடக்கிறது.

பங்கு வரலாற்றிற்கு இதனினும் இன்றியமையாதது சவேரியார் ஊர்தோறும் விட்டுச் சென்ற ஏற்பாடு. தமிழாக்கிய செபங்களின் படியொன்றை ஒவ்வோர் ஊரிலும் வைத்தார். எழுதத் தெரிந்தோர் அதனைப் படியெடுத்துக் கொள்ளவேண்டும். திருநாள்களில் மக்களைக் கூட்டி ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று பணித்தார். இப்பணிக்கு அமர்த்தியவர்கட்குச் சம்பளம் வேண்டியிருந்தது. முத்துத்துறை வருவாயிலிருந்து போர்த்துக்கல் அரசி கத்தரீனாளுக்குக் காலணிச் செலவுக்கென ஆண்டுதோறும் சென்ற நாலாயிரம் பொற்பணத்தைக் கணக்கப்பிள்ளைமார் சம்பளத்திற்கு விடுமாறு அவர் வேண்டிப் பெற்றார். பரதவர் மூச்சடக்கி எடுத்த முத்தின் வருவாயில் ஒரு கூறு அவர்தம் ஊர் ஆசிரியர்க்கே திரும்பியது.

1544-இல் வடுகர் படை கரையூர்களைத் தாக்கியபோது மக்கள் குமரிமுனைக் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியால் வாடினர். படகுகளில் உணவேற்றிக்கொண்டு சவேரியார் அவர்களை அடைய முயன்றார். போர்த்துக்கேயக் காவல் எத்துணைத் தொலைவிலிருந்தது என்பதையும் அந்நிகழ்ச்சி காட்டும். அவ்வாண்டின் முடிவிற்குள் அவர்தம் கரைப்பணியின் பெரும்பகுதி முடிந்தது. ஈராண்டில் ஒருவர் முப்பதுக்கு மேற்பட்ட ஊர்களைப் பங்குகளாக்குதல் இயலாது. அவரும் அவ்வாறு கூறிக்கொள்ளவில்லை. அவரைப் புகழ்ந்தோரே கூறினர்.

அண்டிரிக்கி அடிகளாரும் அச்சும்

இக்கரையில் பங்கு உருவான காலம் என்று நாம் சுட்டத்தக்கது, அண்டிரிக்கி அடிகளார் எனத் தமிழில் வழங்கும் என்றிக்கே என்றிக்கசு உழைத்த அரை நூற்றாண்டாகும். 1520-இல் போர்த்துக்கல்லில் பிறந்த இவர் 1546-47-ஐ ஒட்டி இங்கு வந்தார். 1549-இல் தலைமைக் குருவாகிய அந்தோனி கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட்டபின் பொறுப்பு இவர்மேல் வந்தது. 1600-இல் இறக்கும்வரை, சில இடைவெளிகள் நீங்கலாக, இக்கரையே அவர்தம் வாழிடம். மொழிபெயர்ப்பாளரை நம்பாமல் தாமே தமிழைக் கற்றார். தமிழுக்குப் போர்த்துக்கேய மொழியில் ஓர் இலக்கணமும் எழுதினார். லிசுபனில் கையெழுத்தாக நெடுங்காலம் கிடந்த அந்நூலை ஆன்சு வெர்மீர் என்னும் செருமானிய அறிஞர் 1982-இல் பதிப்பித்தார். 2013-இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்துள்ளது. அதில் அவர் எடுத்துக்காட்டுவது கற்றோர் செய்யுள் வழக்கன்று. கரையூர்களிற் கேட்ட பேச்சு வழக்கே. ஒலித்திரிபுகளையும் வினைமுற்றுகளின் வழக்கு வடிவங்களையும் ஆராய்வோர்க்கு அது பெருஞ்செல்வம்.

தமிழ் அச்சின் கதை பலரும் அறிந்ததே. ஆதலின் சுருங்கக் கூறுவோம். 1554-இல் லிசுபனில் தமிழ்ச் செபங்கள் உரோம எழுத்தில் அச்சாயின. அந்நூலை ஆக்கியோர் வின்சென்டு தெ நசரே, சோர்சே கர்வாலோ, தோமா தா குரூசு என்னும் பெயர்பூண்ட தமிழர் மூவர். 1578-இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் தம்பிரான் வணக்கம் 16 பக்கங்களில் வெளிவந்தது. 1579-இல் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம், 1580-இல் பாவசங்கீர்த்தனத்திற்கு உதவும் கொம்பெசியொனாயரு, 1586-இல் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட அடியார் வரலாறு ஆகியன தொடர்ந்தன. இந்நூல்களைத் தமிழுலகம் மீண்டும் அறியச் செய்தவருள் சேவியர் தனிநாயகம் அடிகளாரையும், அடியார் வரலாற்றை 1967-இல் தூத்துக்குடியில் பதிப்பித்த இராசமாணிக்கம் அடிகளாரையும் நன்றியுடன் குறித்தல் கடன்.

இந்நூல்களை அச்சுக்கலையின் முதன்மைச் சின்னங்களாகவே போற்றுதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எந்த நாட்டில் எது முந்தியது என்னும் ஆராய்ச்சி ஒரு பந்தயம் போல் நடைபெறுகிறது. இந்நூல்கள் எவர் கையில் இருக்க வேண்டுமென்று ஆக்கப்பட்டன என்பதே பங்கு வரலாற்றுக்கு வேண்டிய வினா. குரு தாமே பயன்படுத்துவதற்கு நூல் வேண்டுமாயின் இலத்தீனமோ போர்த்துக்கேயமோ போதும். கிரீசித்தியானி வணக்கம் ஆசிரியனும் மாணாக்கனும் வினாவி விடையிறுக்கும் முறையில் அமைந்தது. குரு இல்லாத ஊரிலும் ஒருவர் வினாவ மற்றவர் விடை சொல்லலாம். அடியார் வரலாறு ஆண்டின் திருநாள் முறையில் அடியார் வாழ்க்கைகளைத் தொகுத்துத் தருவது. திருநாளன்று குரு வாராதபோது கோயிலிற் கூடியோர்க்கு எழுத்தறிந்த ஒருவர் படித்துக் காட்டலாம். குருவின் இடத்தை நூலும் கணக்கப்பிள்ளையும் இணைந்து நிரப்பும் ஏற்பாடு இது. அச்சுச் செலவுக்குப் பரதவரே பொருள் உதவினர் என்பதையும் இதனோடு கூட்டி நோக்குக. தமக்கு வேண்டியதற்கே அவர்கள் பொருள் கொடுத்தனர்.

இறைவனைத் தம்பிரான் என்று அந்நூல்கள் அழைத்தன. அச்சொல் பெருந்தலைவனையும் தெய்வத்தையும் ஒருங்கே குறித்தது. பின்னர் மதுரையில் தத்துவ போதகர் சர்வேசுரன் என்ற சொல்லைப் பரப்பினார். 1606-இல் அவர் மதுரை வந்தபோது, அங்குக் குடியேறியிருந்த பரதவர்க்குக் கொன்சாலோ பெர்னாண்டசு என்னும் குரு பல்லாண்டுகளாகப் பணிபுரிந்து வந்தார். உள்நாட்டார் ஒருவரும் அவரிடம் திருமுழுக்குப் பெறவில்லை. கடற்கரைக் கிறித்தவத்தை உள்நாட்டார் பரங்கியர் மார்க்கமாகக் கருதினர் என்பதே தத்துவ போதகர் கண்ட காரணம். அது மெய்யே. ஆயினும் அவர் வழிவந்தோர் சிலர் கடற்கரைத் தமிழையும் கடற்கரைச் சமயத்தையும் வெறும் போர்த்துக்கேயச் சாயலாக ஒதுக்கியது நேர்மையான தீர்ப்பன்று. பெர்னாண்டோ, மோத்தா, ரொட்ரிகோ, மிராண்டா என்று பெயர் சூடினும், குருசு, பாதிரி, கொம்பிரியர் என்று சொற்களைக் கடன் கொண்டாலும், ஊரை நடத்திய முறையில் அவர்கள் ஒரு மயிரிழையும் போர்த்துக்கேயராகவில்லை.

அண்டிரிக்கி அடிகளார் காலத்தில் புன்னைக்காயலில் மருத்துவமனையொன்றும் பக்திச் சபையும் அமைந்தன. இரண்டும் மக்கள் பொருளாலும் உழைப்பாலும் நடைபெற்றன. கொம்பிரியர் எனப்பட்ட சபையார் நோயுற்றோரைக் காணுதல், இறந்தோரை அடக்குதல், பூசல்களைத் தீர்த்தல் ஆகியவற்றை மேற்கொண்டனர். பிடித்த மீனில் ஒரு பகுதி கோயிலுக்கு என்னும் வழக்கமும் கரையெங்கும் வேரூன்றியது. குமரிக் கரையில் அதனைத் தெறிப்பு என்பர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாயக்கர் அலுவலர் கொடுமை மிக்கபோது, தூத்துக்குடிப் பரதவர் ஊரையே விட்டுக் குருக்களோடு எதிரிலிருந்த தீவிற் குடியேறிச் சில ஆண்டுகள் வாழ்ந்தனர். ஊர்விட்டு ஊர் சென்றும் பங்கு சிதறவில்லை. அது மண்ணால் அமைந்ததன்று என்பதற்கு இஃது ஒரு முன்னறிகுறி.

குருவில்லாக் காலம்

1658-இல் ஒல்லாந்தர் வந்தனர். கத்தோலிக்கக் குருக்கள் தூத்துக்குடியினின்று விலக்கப்பட்டனர்; கோயில்கள் அவர்தம் கைக்குப் போயின. சீர்திருத்தச் சபைப் போதகராகிய பிலிப்பு பால்தேயு அவ்வாண்டிலேயே தூத்துக்குடிக்கு வந்து போதிக்கலானார். இலங்கையிலும் மலையாளக் கரையிலும் அவர் கண்ட செய்திகளைத் திரட்டி 1672-இல் ஆம்சுடர்தாமில் வெளியிட்ட பெருநூல் தமிழாய்வாளர் நன்கறிந்ததே. யாழ்ப்பாணத்தில் பள்ளிகளையும் கோயில்களையும் தம் சபைக்கு மாற்றிப் பெருந்தொகையினரைச் சேர்த்துக்கொண்ட அவர், தூத்துக்குடியில் தோற்றார். பரதவர் அவர்தம் சொற்பொழிவுக்கு வரவில்லை. ஒல்லாந்தர் ஆட்சிக்கு வெளியே உள்நாட்டில் தங்கியிருந்த குருக்களிடம் சென்று திருமுழுக்கும் திருமணமும் பெற்றனர்.

யாழ்ப்பாணத்தையும் தூத்துக்குடியையும் ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். இரண்டிடத்தும் போர்த்துக்கேயர் ஆட்சி முடிந்தது. இரண்டிடத்தும் அதே ஒல்லாந்தர், அதே போதகர். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் நாட்டை ஆண்டனர். நிலமும் பதவியும் அவர் கையில் இருந்தன. ஆகவே மக்கள் வெளித்தோற்றத்திலேனும் இணங்கினர். தூத்துக்குடியிலோ நாடு நாயக்கருடையது. ஒல்லாந்தர்க்குத் துறையும் வாணிகமுமே உரியன. அவ்வாணிகத்தின் உயிர் முத்து. முத்தை எடுப்போர் பரதவர். அவர்களை மிகையாக வருத்தினால் படகேறி வேறு துறைக்குப் போய்விடுவர் என்னும் அச்சம் ஒல்லாந்தர்க்கு இருந்தது. இஃது ஒரு வலிய காரணம். பொருளியல் நோக்கினார் இதனோடு நிறுத்திக்கொள்வர்.

ஆயினும் அச்சம் ஒல்லாந்தரின் கையைக் கட்டியதேயன்றிப் பரதவர்க்குச் செபம் சொல்லிக் கொடுக்கவில்லை. கோயிலின்றி, நிலையான குருவின்றி, ஒரு தலைமுறைக்கு மேல் குழந்தைகள் செபம் கற்றனர், இறந்தோர் அடக்கம் பெற்றனர், திருநாள் தவறவில்லை. இவற்றைச் செய்தவர் எவர்? பெயரறியாத கணக்கப்பிள்ளைமாரும் உபதேசியாரும் கொம்பிரியரும், வீட்டில் சிறுவர்க்கு மாலைச் செபம் சொல்லித் தந்த பெண்டிரும் ஆவர். சாதித்தலைவர் ஒல்லாந்தரோடு வாணிகம் பேசுவார். முத்துக்குளிப்பின் நிபந்தனைகளை வகுப்பார். அப்பேச்சினூடே தம் மக்களின் வழிபாட்டு உரிமையையும் கோருவார். முன்னோர் காவலுக்காகச் சமயத்தை ஏற்றனர் எனின், பின்னோர் தம் தொழிலையே காவலாக்கிச் சமயத்தைக் காத்தனர். 1535-இன் உடன்படிக்கை இங்கே தலைகீழாயிற்று.

இவ்வுரிமைப் பேச்சின் கனி தூத்துக்குடிப் பனிமய மாதா கோயில். விசிலியுசு மான்சி என்னும் சேசு சபைக் குரு 1712-இல் அடிக்கல் நாட்டினார். 1713 ஆகசுடு 2-ஆம் நாள் கோயில் அர்ச்சிக்கப்பட்டது. சீர்திருத்தச் சபையைச் சார்ந்த ஒல்லாந்தர் ஆளும் துறையில் ஒரு கத்தோலிக்கக் கோயில் வெளிப்படையாக எழுந்தது. ஒல்லாந்தர் தமக்கென ஒரு கோயிலை 1750-இல் தான் கட்டிக்கொண்டனர். தூத்துக்குடியில் ஒரு பங்கு முதிர்ந்து நின்ற நாள் எது எனின், யாம் 1713-ஐயே சுட்டுவோம்.

தேரும் தலைவரும்

கோயில் எழுந்த பின் பங்கின் உட்சிக்கல் வெளிப்படலாயிற்று. கோயில் எவருடையது? ஆயருடையதா, குருவுடையதா, கட்டிய குடியுடையதா? பரதவர் மனத்தில் இதற்கு ஐயமே இருந்ததில்லை. சாதித்தலைவர்க்குக் கோயிலில் தனியிடமும் முதன்மையும் உண்டு. 1806-இல் தலைவர் தொன் கபிரியேல் தா குரூசு வாசு கோமசு அன்னைக்குப் பொற்றேர் செய்தளித்தார். சூலை 26-இல் கொடியேறி ஆகசுடு 5-இல் முடியும் திருவிழாவும், சிற்சில ஆண்டுகளில் மட்டும் ஓடும் அத்தேரும், வடந்தொடும் வரிசையும் பாண்டி நாட்டுக் கோயில் விழாக்களைக் கண்டார்க்குப் புதியனவல்ல. தேரை இழுப்போர் வரிசையிலேயே குடியின் ஒழுங்கைப் படிக்கலாம்.

அவ்வொழுங்கு இருபுறமும் கூர்மையுடையது. குடியே பங்கு, பங்கே குடி என்றிருந்தமையால், ஒல்லாந்தர் காலத்தில் எவரும் பிரிந்து போகவில்லை. அதே காரணத்தால், பிற குலத்துக் கத்தோலிக்கர் தூத்துக்குடியில் பெருகியபோது அவர்க்கு அக்கோயிலில் ஒப்பான இடமில்லை. குடிக்குள்ளேயும் மேசைக்காரர் எனப்பட்ட செல்வர்க்கும் கடலோடும் எளியோர்க்கும் பிளவு முற்றியது. தலைவரின் முதன்மை எளியோர்க்குச் சுமையாயிற்று. தம்மைக் காத்த அமைப்பே தம்மை அழுத்துவதை அவர்கள் உணர்ந்தனர். இதனைத் திருச்சபை வரலாற்று நூல்கள் பூசல் என்றும் கலகம் என்றும் எழுதிக் கடந்து செல்கின்றன. பங்கின் வளர்ச்சியை உள்ளவாறு ஆராய்வோர் அவ்வாறு கடந்து செல்லுதல் கூடாது. எண்ணிக்கை மிகுதல் மட்டும் வளர்ச்சியன்று; புதியோர்க்கு இடமளித்தலும் வளர்ச்சியே.

1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டபின் கோவாக் குருக்கள் இக்கரையைப் பேணினர். 1838-ஐ ஒட்டிச் சேசு சபையார் மீண்டும் வந்தபோது, போர்த்துக்கல் அரசின் ஞானாதிக்க உரிமையைச் சார்ந்த கோவாக் குருக்களுக்கும், உரோமையின் நேராணை பெற்று வந்தவர்க்கும் ஆட்சியுரிமைப் போர் மூண்டது. மேல்நாட்டில் அது திருச்சபைச் சட்ட வழக்கு. தூத்துக்குடியிலோ அது குடிப்பிளவோடு கலந்தது. தலைவரும் அவர் சார்பினரும் பழைய கோவாக் குருக்கள் பக்கம் நின்றனர். தலைவரின் முதன்மையை வெறுத்த எளியோர் பலர் புதியவர் பக்கம் சென்றனர். பனிமய மாதா கோயில் பழைய ஆட்சியில் நீடித்தது. 1849-இல் சேசு சபையாரின் திருவிருதயக் கோயில் எழுந்தது. ஒரே துறையூரில் இரண்டு கோயில்களும் இரண்டு ஆட்சிகளும் ஏற்பட்டன. தலைவரின் கோயிலில் இடமின்றி நின்ற பிற குலத்தார்க்கு இப்பிளவு ஒரு வாயிலைத் திறந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிளவுகளால் நன்மை விளையாது என்பது எப்போதும் உண்மையன்று.

1923-இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாயிற்று. பரதவர் குடியிற் பிறந்த பிரான்சிசு திபூர்சியுசு ரோச்சு ஆண்டகை அதன் முதல் ஆயராயினார்; அண்மைக்காலத்தில் இலத்தீன் முறைத் திருச்சபையில் இந்தியர் ஒருவர் ஆயராக மறைமாவட்டம் ஒன்றை ஆண்டது அவரிலிருந்தே தொடங்குகிறது. கரைமக்கள் கணக்கப்பிள்ளையராகத் தொடங்கிய பணி, நானூறு ஆண்டு நிறையும் முன்னர் ஆயர் பதவி வரை ஏறியது. அவர்தம் தலைமைக் கோயில் பனிமய மாதா கோயிலன்று, திருவிருதயக் கோயில். தம் குடியின் கோயிலே அப்போது வேறோர் ஆட்சியின்கீழ் இருந்தது. 1928-இல் உரோமைக்கும் போர்த்துக்கல்லுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின் பின்னரே இரட்டையாட்சி நீங்கிப் பனிமய மாதா பங்கு தூத்துக்குடி ஆயரின்கீழ் வந்தது. 1982-இல் அக்கோயில் பேராலய நிலை பெற்றது.

இதற்கிடையே கடலின் நிலை மாறியது. 1961-க்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. கணக்கப்பிள்ளைக்குச் சம்பளம் தந்ததும், ஒல்லாந்தரைப் பணிய வைத்ததும், பொற்றேருக்குப் பொன் அளித்ததும் ஆகிய அவ்வருவாய் அற்றுப் போயிற்று. கொடி ஆண்டுதோறும் சூலை 26-இல் ஏறுகிறது. மாதாவைக் காணக் கூடும் மக்களுள் பரதவரல்லாதார் தொகையும் பெரிது.